பூவாற்றில் திரும்பக் கூவியவர்

பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. பஸ் அதற்குள் வளைவு தாண்டிப் போய்விட்டது. எது குறைகிறது என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது: தோழிக்குக் கொடுக்க வாங்கிய சின்னாளபட்டிச் சேலை வைத்திருந்த மஞ்சள் பை. அதை மேலே கம்பியில் வைத்தவர் என் வீட்டுக்காரர். "இறங்கும்போது நான் எடுத்துக்கிறேன், நீ கவலைப்படாதே" என்று சொன்னவரும் அவரேதான்.

"மஞ்சப் பை எங்க?"

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு பஸ் போன திசையைப் பார்த்தார். "ஏழு பை தூக்கிட்டு வந்தா ஒண்ணு போகத்தான் செய்யும்," என்றார்.

"அடடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அடங்கியிருப்பேன். சொல்லவில்லை. இருபத்துநான்கு வருடத்தில் அவர் தொலைத்த குடை, செருப்பு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் நான் நடுரோட்டில் நின்று ஒப்பித்தேன். பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்றவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆட்டோவில் ஏறும்போது எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது.

எங்கள் வீட்டில் இது புதிதல்ல. பேச்சில்லாத நாட்களுக்கென்று தனிச் சட்டதிட்டமே உண்டு. திண்டுக்கல்லில் எங்கள் வீடு ஒரு சந்தின் உள்ளே இருக்கிறது. சந்து போய்ச் சேரும் இடம் பெரிய ரோடு. இரண்டு பக்கமும் உயரமான மதில். வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது. தினமும் காலையில் அவர் பைக்கை உருட்டிக்கொண்டு வந்து நிற்பார். நான் ரோட்டு ஓரம் வரை போய் இரண்டு பக்கமும் பார்த்து "வாங்க" என்பேன். பேச்சில்லாத நாட்களில் போகமாட்டேன். அவரே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு எப்படியோ போய்ச் சேருவார். நானும் அடுப்படியில் இருந்தபடி, மோதுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு வேலையைப் பார்ப்பேன்.

நாங்கள் வந்தது மெர்சியின் வீட்டுப் பிரதிஷ்டைக்கு. மெர்சியும் நானும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் கணக்கு டீச்சர், நான் அறிவியல். பிறகு அவள் சொந்த ஊர்ப்பக்கமே வேலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் மூன்று அறையில் ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிக் கதவைத் திறந்துவைப்பார், அதன் பிறகு சாப்பாடு. அதுவரை பக்கத்தில் வாடகை வீடு.

"வாருங்க அக்கா, வாருங்க அண்ணே! எப்பளாக்கும் எறங்கினிய? ஒரு போன் செய்யப்படாதா?" என்று மெர்சி வாசலுக்கு ஓடிவந்தாள். எங்கள் ஊரில் இருந்தபோது எங்களைப் போலவே பேசினவள். கேரள எல்லை தாண்டி நாலே வருடத்தில் பழைய பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது.

மத்தியானம், மரச்சீனி என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் கறியும். கிழங்கைத் தாளிக்காமல் வெறுமனே அவித்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் வைத்து அரைத்த சம்மந்தியோடு வைத்தாள். கிழங்கு என்றால் பொரியல்தான் என்று நினைக்கிற ஆள் நான். மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிவிட்டுக்கொண்டு மீன் முள்ளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் நான்தான் எடுத்துப் போடுவேன். அன்று என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். மெர்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மெர்சியின் கணவர் செல்வின், பூவாற்றுக் காயலில் படகு ஓட்டுகிறார். பத்துப் பேர் உட்காரும் மரப் படகு ஒன்று, வாடகைக்கு விடும் கயாக் நான்கு. கயாக் என்றால் ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் குட்டிப் படகு. வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் மெர்சியிடம், "பாலராமபுரம் வரைக்கும் போயிட்டு வந்துடறேம்மா," என்றார். என்னிடம் சொல்லவில்லை. கைத்தறிக்குப் பேர்போன ஊர்; தொலைத்த சேலைக்குப் பதில் வாங்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்போதே மனது கொஞ்சம் இளகியது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் அந்தப் பக்கம் போக, நான் மெர்சியோடு பூவாற்றுக்குப் போய் செல்வினின் படகில் ஏறினேன். கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே, நெய்யாறு கடலில் சேருவதற்கு முன்னால் அகன்று காயலாகக் கிடக்கிறது. நடுக்காயல் விரிந்தது. ஓரங்களில் கண்டல் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே வேரூன்றி நிற்க, அவற்றுக்கு நடுவே குறுகலான நீர்ப்பாதைகள் வளைந்து வளைந்து போகின்றன. தோடு என்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் தோட்டுக்குள் போகவேண்டும். நிழல், கொக்கு, மீன்கொத்தி, போட்டோ எல்லாம் அங்கேதான்.

ஒரு தோட்டின் வாயில் செல்வின் எஞ்சினை நிறுத்தினார். வாயில் கைவைத்து, "கூ…ஊ…" என்று நீளமாக ஒரு கூவு கூவினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அதே மாதிரி ஒரு கூவு வந்தது. உடனே எஞ்சினைப் போட்டு நல்ல வேகத்தில் உள்ளே விட்டார். இரண்டு வளைவு தாண்டியதும், ஓரமாக ஒரு சின்ன வள்ளம் வேரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றது. அதிலிருந்தவர் தலையசைத்தார்.

"இது என்ன விளையாட்டு?" என்று மெர்சியிடம் கேட்டேன்.

"வெளையாட்டு ஒண்ணுமில்ல அக்கா. தோட்டுக்குள்ள எதிர வாற ஆளு கண்ணுல படாது. அதனால மொதல்ல கூவணும். உள்ள ஆளு உண்டெங்கி, அவன் வள்ளத்த ஒதுக்கிப் போட்டு, வேர்ல பிடிச்சுக்கிட்டு, பெறவு திரும்பக் கூவுவான். நான் ஒதுங்கியாச்சு, நீ தைரியமா வாண்ணு அர்த்தம்."

"ஒண்ணும் கேக்கலைன்னா?"

"பையப் பைய, கம்பு ஊணிப் போவோம். உள்ள ஒரு செவிடன் இருந்தாலும் இடிக்காண்டாமே."

"ஹாரன் வச்சுக்கலாமே?"

"ஹாரன் அடிச்சா கொக்கு எல்லாம் பறந்துபோவும். அதப் பாக்கத்தானே ஆளுவ வருது," என்று மெர்சி சிரித்தாள். பிறகு சொன்னாள்: "கூவு மட்டுமில்லக்கா, தட்டும் உண்டு. ஆபத்துண்ணா வள்ளத்துக்க பக்கப் பலகையில மும்மூணு தட்டா தட்டணும். கேக்குத எல்லாரும் எஞ்சின நிறுத்திப்போடணும். யாரு தட்டினது, என்னத்துக்குண்ணு கேக்கப்படாது. கேட்டவனும் தட்டணும், அப்பத்தான் அடுத்தவனுக்குக் கேக்கும். நான் ஒரு தடவதான் கேட்டிருக்கேன்."

என்னதான் கூவும் தட்டும் இருந்தாலும், எல்லாரும் ஒழுங்கு என்று சொல்லிவிட முடியாது. நடுக்காயலுக்கு வந்ததும் எதிரே ஒரு நீலப் படகு பாட்டுச் சத்தத்தோடு வந்தது. பக்கத்தில் வந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. அது கிளப்பிய அலையில் எங்கள் படகு ஒரு பக்கம் சாய்ந்து, என் மடி முழுக்கத் தண்ணீர். ஓட்டியவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்வினும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சுரேந்திரன்," என்றாள் மெர்சி மெதுவாக. "போன வருஷம் இதே மாதிரி வேகத்துல வந்து அலையில நம்ம கயாக் ஒண்ண மறிச்சுக் கவுத்துட்டான். ஒரு பொம்பளப்பிள்ள வெள்ளம் குடிச்சுப்போச்சு. இவிய படகுச் சங்கத்துல பராதி செல்லி, அவன ஒரு வாரம் ஓடவிடாம ஆக்கினாவ. அண்ணு தொட்டு ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல."

எங்களுக்கு ஏரி என்றால் கொடைக்கானல் ஏரிதான். மிதிபடகில் உட்கார்ந்து முன்னால் போகிறவரை வேண்டுமென்றே போய் இடிப்போம். இடிபட்டவரும் சிரிப்பார், திரும்ப வந்து இடிப்பார். மலை ஏறியதும் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவுவோம். யாராவது கூவினால் பதிலுக்குக் கூவுவோம். என் வீட்டுக்காரர் இதில் கெட்டிக்காரர். கல்யாணமான புதிதில் அவர் போட்ட கூவலுக்கு எதிர்மலையே பதில் சொன்னது என்று இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வார். நீச்சல் மட்டும் ஒரு சாண் தெரியாது. எங்கள் ஊரில் நீந்திப் பழக எங்கே தண்ணீர் இருக்கிறது?

சாயங்காலம் அவர் வந்தார். கசவு ஜரிகைக் கரை போட்ட பாலராமபுரத்துச் சேலை ஒன்றைக் கட்டிலில் என் பக்கம் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். பிரித்துப் பார்த்தேன். மெல்லிய நூல், மெர்சியின் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். நான் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வாங்கியிருக்கமாட்டேன். அதைச் சொல்லியிருக்கலாம். படகையும், கூவையும், தட்டையும், நாளைக்கு அவரும் வரப்போகிறார் என்பதால் தெரிந்துகொள்ளவேண்டியதையும் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் நான்தான் முதலில் வாய் திறக்கவேண்டும். அது என்னால் ஆகவில்லை.

சனிக்கிழமை காலையில் புட்டும் கடலையும் தின்றுவிட்டு நாலு பேரும் பூவாற்றுக்குக் கிளம்பினோம். படகுத்துறையில் கயாக்கைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குச் சின்னப்பிள்ளை மாதிரி ஆசை வந்துவிட்டது. மனைவியோடு ஒரே படகில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காருவதைவிட அது மேல் என்றும் தோன்றியிருக்கும். "நான் இதுல வரேன் தம்பி," என்றார் செல்வினிடம்.

"ஓ, வரலாமே. எனக்க முன்னால, கண்ணு எட்டுத தூரத்துல போவணும் அண்ணே. தோட்டுக்குள்ள தனியாப் போவாண்டாம்."

லைஃப் ஜாக்கெட் மாட்டுவதில் பெரும்பாடு. மேல் கொக்கி பூட்டியது. கீழ்க் கொக்கி அவருடைய தொப்பைக்கு எட்டவில்லை. செல்வின் வாரை நீட்டிப் பூட்டிவிட்டார். செல்வின் திரும்பியதும் இவர் மூச்சு முட்டுகிறதென்று அதைக் கழற்றிவிட்டார். நான் பார்த்தேன். வாய்வரைக்கும் வந்தது.

அப்போதுதான் செல்வின் என் பக்கம் வந்து கேட்டார்: "அக்கா, அண்ணனுட்ட கூவுக்க காரியம் செல்லியாச்சா?"

மெர்சி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளாகப் பேச்சில்லை, அதனால் சொல்லவில்லை என்று அவர்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. பத்தடி தூரத்தில் அவர் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியாச்சு," என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் இந்த ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

அரை மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர் முன்னால் கோணல்மாணலாகப் போனார். நாங்கள் பின்னால் மெதுவாக. அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு எனக்குத்தான் என்று தெரியும். நான் கொக்கைப் பார்த்தேன்.

ஒரு தோட்டின் வாய்க்கு வந்தபோது எங்கள் எஞ்சின் ஒரு மாதிரி முக்கி நின்றது. அடியில் பிளாஸ்டிக் சாக்கு ஒன்று சுற்றிக்கொண்டது. செல்வின் படகின் பின்பக்கம் குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு நார் நாராகப் பிய்த்தார். "அண்ணே, அங்கயே நில்லுங்க!" என்று கத்தினார். இவர் நின்றார். ஆனால் கயாக் நிற்கவில்லை. நீரோட்டம் அதை மெதுவாகத் தோட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. இவருக்குப் பின்னோக்கித் துடுப்புப் போடத் தெரியவில்லை. வளைவில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குப் பின்னால் மறைந்தது.

"பதறாண்டாம் அக்கா, ரெண்டு நிமிஷம்," என்றார் செல்வின்.

அப்போது தோட்டின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கூவு கேட்டது.

"சுரேந்திரன்," என்றார் செல்வின், தலையைத் தூக்காமலே. கூவைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, தோட்டுக்குள்ளேயிருந்து பதில் கூவு வந்தது. நல்ல கனத்த குரலில், ஆசை தீர, நீளமாக. கொடைக்கானல் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவுகிற அதே கூவு.

செல்வின் நிமிர்ந்தார். "அது அண்ணனாக்கும்," என்றார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "ஒதுங்கியிருப்பாரு. நீங்கதான் செல்லியாச்சுண்ணு…" என்றார்.

"சொல்லலை," என்றேன். "நான் அவர்கிட்ட சொல்லவே இல்லை."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தக் கோடியில் எஞ்சின் உறுமி வேகம் எடுப்பது கேட்டது. வழி காலியாகக் கிடக்கிறது என்று நம்பி வருகிறவனின் வேகம். நடுவில், நீந்தத் தெரியாத, பின்னால் வரத் தெரியாத, கீழ்க்கொக்கி பூட்டாத ஒரு மனிதர்.

செல்வின் படகைத் தள்ளும் ஊன்றுகோலைத் தூக்கிப் பக்கப் பலகையில் ஓங்கி அடித்தார். மூன்று. விட்டு, மறுபடி மூன்று. மரப்படகு முழுக்க அதிர்ந்தது. எங்களுக்குச் சற்றுத் தள்ளி வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் வலையை அப்படியே போட்டுவிட்டு, துடுப்பால் தன் வள்ளத்தைத் தட்ட ஆரம்பித்தார். அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாத யாரோ தட்டினார்கள். நடுக்காயலில் ஓடிக்கொண்டிருந்த பெரிய படகின் சத்தம் நின்றது. தூரத்தில் இன்னொன்று நின்றது. ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அணைய அணைய, மீதியிருந்த ஒரே சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தோட்டுக்குள் வருகிற எஞ்சினும் அதன் பாட்டும்.

அது நிற்கவில்லை.

போன வருடத்திலிருந்து பேச்சு இல்லை என்று மெர்சி சொன்னது என் தலைக்குள் ஓடியது. இந்த மனிதர் தட்டி அந்த மனிதர் எதற்கு நிற்கவேண்டும்? மூன்று நாள் கோபத்துக்கே நான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தேனே. மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏசுவே, ஏசுவே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. செல்வின் தட்டிக்கொண்டே இருந்தார்.

சட்டென்று எஞ்சின் நின்றது. பாட்டு மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. மரக்கிளைகள் படபடவென்று முறிகிற சத்தம், ஏதோ மோதுகிற சத்தம், பெண்கள் வீறிடுகிற சத்தம். அதன் பிறகு பாட்டும் நின்றது.

செல்வின் கோலை ஊன்றித் தள்ளினார். அந்த இரண்டு வளைவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் வளைவில் மஞ்சள் துடுப்பு தனியாக மிதந்து வந்தது. இரண்டாவது வளைவில் கயாக் கவிழ்ந்து கிடந்தது. நீலப் படகு தோட்டுக்குக் குறுக்கே நின்றது, முன்பாகம் கண்டல் வேருக்குள் ஏறிச் சொருகியபடி. தண்ணீருக்குள், கழுத்தளவு ஆழத்தில், ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு சுரேந்திரன் நின்றார். இன்னொரு கையில் என் வீட்டுக்காரரின் லைஃப் ஜாக்கெட் காலர். ஜாக்கெட் அவர் காது வரைக்கும் ஏறியிருந்தது. அதற்குள் முகம் இருமிக்கொண்டிருந்தது.

இருமல் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

செல்வினும் மெர்சியும் சுரேந்திரனும் சேர்ந்து அவரைத் தூக்கி எங்கள் படகில் போட்டார்கள். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி என்னைத் தேடினார். நான் ஏதேதோ சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது இதுதான்:

"கண்ணாடி எங்க?"

அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள போயிருச்சு," என்றார். "இதையும் தொலைச்சுட்டேன்."

நான் அழுத அழுகையை அந்தக் காயலில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நீலப் படகில் இருந்த வடநாட்டுக் குடும்பத்தின் குழந்தை, தன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"அவர் கூவினாரு, நானும் கூவினேன். அவ்வளவுதானே?" என்றார் இவர், ஒன்றும் புரியாமல்.

"உங்க தப்பு இல்லை. கூவுக்கு அர்த்தம் சொல்லியாச்சான்னு இவங்க என்கிட்ட கேட்டாங்க. நான் சொல்லலை. சொல்லிட்டேன்னு பொய் வேற சொன்னேன்," என்றேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். செல்வினுக்கும் மெர்சிக்கும் சுரேந்திரனுக்கும் அது தெரியவேண்டும் என்று தோன்றியது.

சுரேந்திரன் தன் படகில் ஏறி உட்கார்ந்தார். வேரில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்து முழங்கைக்குக் கீழே ரத்தம். மெர்சி தன் துவாலையைக் கொடுத்துக் கட்டச் சொன்னாள். தமிழும் மலையாளமும் கலந்து கேட்டாள்: "நிக்க மாட்டிங்கண்ணு பயந்துபோச்சு அண்ணா. தட்டினது யாருண்ணு தெரிஞ்சுதானா நின்னிங்க?"

அவர் மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இது: "பாட்டுச் சத்தத்துல முதல்ல கேக்கல. கேட்டதும் நிறுத்திட்டேன். நிறுத்தினாலும் படகு ஓடிக்கிட்டுதான் இருந்தது, அதனால மரத்துல ஏத்திட்டேன். அவன் கம்புத் தட்டு எனக்குத் தெரியாதா? பேச்சு வேற, தட்டு வேற."

செல்வின் அருகில்தான் இருந்தார். ஊன்றுகோலை எடுத்துப்போய் நீலப் படகின் முன்பக்கத்தில் கொடுத்து நெம்பினார். சுரேந்திரன் பின்பக்கம் நின்று இழுத்தார். வார்த்தையே இல்லாமல், ஒருவர் மூச்சுக்கு மற்றவர் மூச்சு சரியாக, நாலே நெம்பலில் படகு வேரை விட்டு இறங்கியது. முன் கம்பி வளைந்திருந்தது. சுரேந்திரன் எஞ்சினைப் போட்டார். பாட்டைப் போடவில்லை. எங்களைக் கடக்கும்போது அலை எழும்பாத அளவுக்குப் பையப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை நன்றாக நடந்தது. பாஸ்டர் ஒவ்வொரு அறையாகப் போய் ஜெபம் பண்ணினார். அடுப்படிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பண்ணினதுபோல் எனக்குப் பட்டது. ஆட்டுக்கறியும் அடைப் பிரதமனும். கண்ணாடி இல்லாமல் என் வீட்டுக்காரருக்கு இலையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இது எலும்பு, இது ஊறுகாய் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாலராமபுரத்துச் சேலையை அவர் கையாலேயே மெர்சிக்குக் கொடுக்கவைத்தேன். "யாரு எடுத்தது? அக்காவா?" என்று கேட்டாள். "அவர்தான். எனக்கு இவ்வளவு ரசனை கிடையாது," என்றேன். அவர் காது சிவந்துபோனது. தொலைந்துபோன சின்னாளபட்டிச் சேலையை இப்போது யார் உடுத்திக்கொண்டிருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

கிளம்பும்போது செல்வினிடம் கேட்டேன்: "இனிமேலாவது சுரேந்திரன்கிட்ட பேசலாமே?"

"அது வேற காரியம் அக்கா," என்றார். "அவனுக்க ஓட்டத்தப் பத்தி எனக்கு இப்பளும் எதிரபிப்ராயம் உண்டு." அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையில தையல் போட்டாச்சாண்ணு மட்டும் ஒரு ஆளுட்ட கேட்டு விட்டேன்," என்றார்.

திண்டுக்கல்லுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் ராத்திரி எங்களுக்குள் மறுபடியும் பெரிய சண்டை. காரணம் சொல்லும்படியானது இல்லை. பேச்சு நின்றது. காலையில் நான் தோசை வைத்தேன், அவர் தின்றார், தட்டைக் கழுவினார், பைக்கை உருட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் அடுப்படியில்தான் நின்றேன். எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்; சந்தின் முனையில் அவர் வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு, தெருவில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல, மெதுவாக ஒரு கூவு கூவினார்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ரோட்டு ஓரத்தில் நின்று இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். பால் வண்டி ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பால் வண்டி எங்களைத் தாண்டி, சத்தம் தேய்ந்து, ரோடு இரண்டு பக்கமும் காலியாகும் வரைக்கும் திறக்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் திரும்பக் கூவினேன்.